செக்கனில் நூறில் ஒரு பங்கு



2018 ஆம் ஆண்டு தென்கொரியாவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டியொன்றில், செக் நாட்டு எஸ்தர் லெடெக்கா 1 நிமிடம் 21.11 செக்கனில் சரிவைக் கடந்து தங்கம் வென்றார். இரண்டாமவரான ஒஸ்திரிய வீராங்கனைக்கு 21.12. கண்ணிமைக்கவும் இதைவிட அதிக நேரம் வேண்டும்!

நம் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்கவின் செய்தி இதனினும் கனமானது. 2000 ஆம் ஆண்டு சிட்னியில், 200 மீற்றர் ஓட்டத்தை 22.28 செக்கனில் முடித்து வெண்கலம் பெற்றார். இரண்டாவதாக வந்த பஹாமாஸ் வீராங்கனைக்கு 22.27. முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 இல் ஒப்புக்கொண்டு பதக்கம் இழந்தார். 2009 இல் சுசந்திகாவுக்கு வெள்ளி கிடைத்தது. தங்கமோ, நூறில் ஒரு பங்கு முந்தியவருக்கே சென்றது.

இளைஞர்களே! காலத்தின் மீது அல்லாஹ் சத்தியமிடும் அல் அஸ்ர் அத்தியாயம் நமக்கு மனனம். ஆயினும் டயகமக் குளிரில், ஸுபஹுக்கு உம்மா எழுப்புகையில், "இன்னும் ஐந்து நிமிடம்" என்று போர்வையை இழுத்துக்கொள்கின்றோம். அதனுள் அத்தகைய பங்குகள் முப்பதாயிரம்! இரண்டு ரக்அத்தையும் தொழுது முடித்திருக்கலாமே.

பெற்றோர்களே! வாப்பா எழுந்துவிட்டாரா என்பதைப் பிள்ளை போர்வைக்குள்ளிருந்தே கவனிக்கின்றது.