ஜெயிக்கத் தெரிஞ்ச பிட்சர்: ஒரு கதையை டேட்டாவில் ஓட்டிப் பார்ப்போம்

இன்னிக்கு எபிசோடு பேஸ்பால் பத்தி. பேஸ்பால் பார்த்ததே இல்லைன்னாலும் ஓடிப் போயிடாதீங்க. கிரிக்கெட் தெரிஞ்சா போதும், மீதியை நான் சொல்லிடறேன்.

ஜேக் மோரிஸ்னு ஒரு பிட்சர். 1977 முதல் 1994 வரை அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆடியவர். 254 வெற்றி, 186 தோல்வி. 1980களில் அவரை விட அதிக வெற்றி எடுத்த பிட்சர் யாருமே இல்லை.

இன்னொரு எண்ணையும் பார்க்கணும். அதுக்குப் பேர் இ.ஆர்.ஏ. ஃபீல்டர் தப்பு பண்ணதால போன ரன்களைக் கழிச்சிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியா எத்தனை ரன் விட்டார்னு சொல்ற கணக்கு. நம்ம ஊர் பௌலிங் சராசரி மாதிரி, குறைய குறைய நல்லது. மோரிஸோட இ.ஆர்.ஏ. 3.90. மோசம் இல்லை, ஆனா ஜாம்பவான்களோட எண்ணும் இல்லை.

இவ்வளவு ரன் விட்ட ஒருத்தர் எப்படி இவ்வளவு ஜெயிச்சார்? இதுக்குப் பதிலா ஒரு கதை பரவியது. 'மோரிஸ் ஸ்கோரைப் பார்த்து வீசுவார்' என்பதுதான் அந்தக் கதை. டீம் 7-1ல முன்னாடி இருந்தா, ரன் போனா போகட்டும்னு விட்டுடுவார். ஆட்டம் 1-0ன்னா கதவைச் சாத்திடுவார். அவருக்கு ஜெயிக்கத் தெரியும், வெறும் எண்ணைப் பார்க்கிறவங்களுக்கு அது புரியாதுன்னு சொன்னாங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச விஷயம், இதைச் சோதிக்க முடியும். கதை உண்மைன்னா டேட்டாவில் ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, நெருக்கமான ஸ்கோரில் அவர் ரன் விடுவது குறையணும், பெரிய முன்னிலையில் கூடணும். ரெண்டு, அவர் டீம் அடிச்ச ரன்னையும் அவர் விட்ட ரன்னையும் வெச்சுக் கணக்குப் போட்டா வரும் வெற்றிகளை விட, நிஜத்தில் அவர் கூடுதலா ஜெயிச்சிருக்கணும்.

ஜோ ஷீஹன் என்ற எழுத்தாளர் 2003ல் இதைத்தான் செய்தார். ரெட்ரோஷீட்னு ஒரு தன்னார்வ அமைப்பு, பழைய ஆட்டங்களை நிகழ்வு வாரியா சேகரிச்சு இலவசமா கொடுக்குது. அந்தத் தரவை எடுத்து, மோரிஸ் வீசிய இன்னிங்ஸ்களை ஒவ்வொண்ணா, அப்போ ஸ்கோர் என்ன என்பதோட சேர்த்துப் பார்த்தார். 'ஸ்கோரைப் பார்த்து வீசினார்' என்பதற்கான தடயமே கிடைக்கலை. வெற்றிகளுக்கு விளக்கம் ரொம்பச் சாதாரணமானது. அவர் டீம்கள் நிறைய ரன் அடிச்சன, அவரும் நிறைய இன்னிங்ஸ் வீசினார். அவ்வளவுதான்.

1992ஐ எடுத்துக்கோங்க. டொராண்டோ டீம். மோரிஸ் 21 வெற்றி, 6 தோல்வி. இ.ஆர்.ஏ.? 4.04. இப்போ 1987க்குப் போங்க. நோலன் ரயன், ஹூஸ்டன் டீம். இ.ஆர்.ஏ. 2.76, அந்த வருஷம் நேஷனல் லீக்கிலேயே சிறந்தது. 270 ஸ்டிரைக் அவுட், அதிலும் முதலிடம். வெற்றி 8, தோல்வி 16! நோலன் ரயனுக்கு ஜெயிக்கத் தெரியாதுன்னு யாராவது சொல்வாங்களா? பௌலர் நாலு ஓவர்ல 18 ரன் கொடுத்தும் நம்ம பேட்டிங் 90க்குச் சுருண்டா, தோல்வியை பௌலர் பேர்ல எழுதுவோமா? பேஸ்பாலில் நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் எழுதினாங்க.

"சரி, ஆனா பெரிய மேட்ச்ல மோரிஸ் வேற ஆள்"னு அடுத்த வாதம் வரும். அதுக்கு ஆதாரம் 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். பத்து இன்னிங்ஸ், ஒரு ரன் கூட விடலை, மினசோட்டா 1-0ன்னு கோப்பையை எடுத்தது. அது நிஜம். எந்த ஸ்ப்ரெட்ஷீட்டும் அந்த ராத்திரியை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். ஆனா அடுத்த வருஷ உலகத் தொடரையும் சேர்த்துப் பார்க்கணும் இல்லையா? ரெண்டு ஆட்டம், ரெண்டும் தோல்வி, இ.ஆர்.ஏ. 8.44. எல்லா பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தா 3.80. வழக்கமான சீசனில் 3.90. அதாவது பெரிய மேட்ச்லயும் அவர் கிட்டத்தட்ட அதே ஆள்தான்.

'ஒரு விளையாட்டுக் கதை, விட்டுட்டுப் போலாமே'ன்னு தோணலாம். விட முடியாது. ஏன்னா ஒருத்தருக்குப் போற பெருமை, இன்னொருத்தர் கணக்குலேர்ந்து கழியுது. பெர்ட் பிளைலெவன்னு ஒரு பிட்சர். இ.ஆர்.ஏ. 3.31, 3,701 ஸ்டிரைக் அவுட், எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காம முழுசா முடிச்ச ஆட்டங்கள் 60. ஆனா 287 வெற்றிக்கு எதிரா 250 தோல்வி. 'ஜெயிக்கத் தெரியாதவர்'னு முத்திரை. ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் 75 சதவீதம் வேணும். 1998ல் முதல் தடவை அவருக்குக் கிடைச்சது 17.5. ரிச் லெடரர்னு ஒருத்தர், தொழிலில் முதலீட்டு ஆலோசகர், வருஷக்கணக்கா இணையத்தில் எண்களை அடுக்கி எழுதிக்கிட்டே இருந்தார். 2011ல், பதினாலாவது முயற்சியில், பிளைலெவன் 79.7 சதவீதத்தோட உள்ளே போனார். லெடரருக்கு அவர் வெளிப்படையா நன்றியும் சொன்னார்.

மோரிஸும் பத்திரிகையாளர் ஓட்டில் 15 வருஷம் முயன்று தோற்று, பிறகு ஒரு கமிட்டி மூலமா 2018ல் உள்ளே போயிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 527 ஆட்டங்களைத் தொடங்கிய உழைப்பாளி அவர். சந்தோஷமான விஷயம் வேற. அதே 2018ல் ஜேக்கப் டிகிராம் வெறும் 10 வெற்றி, 9 தோல்வியோட சை யங் விருது வாங்கினார். இ.ஆர்.ஏ. 1.70. முப்பது ஓட்டில் 29 பேர் அவருக்கே முதலிடம் கொடுத்தாங்க. எழுதறவங்க பார்வையே மாறிப்போச்சு.

அதனால, அடுத்த தடவை யாராவது 'அவன் ஜெயிக்கப் பிறந்தவன்'னு சொன்னா, அது கிரிக்கெட்டோ ஆபீஸ் அப்ரைசலோ, சண்டைக்குப் போகாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இந்த எண் ஒருத்தரோடதா, டீமோடதா? நீங்க சொல்றது உண்மைன்னா டேட்டாவில் வேற என்ன தெரியணும்? ஞாபகத்தில் நிற்கிற அந்த ஒரு ராத்திரியைத் தவிர மத்த ராத்திரிகள் என்ன ஆச்சு?

பதில் சில சமயம் கதை பக்கமே கூட வரலாம். வந்தா சந்தோஷமா ஒத்துக்கலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.