முடிவுறாத பாட்டு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல துறையினர் கூடி, முடிந்த பொருளைக் காட்டிலும் அது உருவாகும் வழியையே கலையாகக் கொள்ளும் முயற்சிகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ‘செயல்முறைக் கலை’ என்று பல்கலைக்கழகத்தார் வழங்கும் பெயர் நமக்குச் சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் பொருள் அந்நியமன்று. நம் தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் நிறைவாகப் படுகளம் நிகழ்வதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் மண்ணைக் குவித்துத் துரியோதனனின் பேருருவைக் கிடத்துகிறார்கள். கூத்து முடிந்ததும் அந்த உருவம் அழிகிறது. மக்கள் அதன் மண்ணை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். குயவரும் கூத்தரும் பாரதம் சொல்பவரும் ஊராரும் சேர்ந்து செய்த அக்கலையில் எஞ்சுவது ஒரு பிடி மண். அதில் எவருடைய கையொப்பமும் இல்லை.

இதை எண்ணும்போதெல்லாம் நான் வெட்கத்தோடு நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. வட்டத்தின் தொடக்க நாட்களில் எண்ணூரைப் பற்றி நான் ஒரு கவிதை வாசித்தேன். கழிமுகத்தில் அலைகள் கதறுவதாக அதில் எழுதியிருந்தேன். பலத்த கைதட்டல் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். ஆயுள் முழுவதும் அந்த ஆற்றில் இறால் பிடித்தவர். “தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீ சொல்ற எடத்துல அலை ஏது? அங்க ஏத்தமும் வத்தமும்தான்” என்றார். கவிதையோ அதற்கு முந்தைய வாரமே தொகுப்பில் அச்சேறிவிட்டது. அந்த அலை இன்றும் அந்தப் பக்கத்தில் பொய்யாக அடித்துக்கொண்டிருக்கிறது. எழுதும்போதே அவரிடம் போயிருந்தால் எனக்கு இரண்டு சொற்கள் கிடைத்திருக்கும். ஒரு பொய் குறைந்திருக்கும்.

அதே கழிமுகத்திலிருந்துதான் நம் காலத்தின் குறிப்பிடத்தக்க கூட்டுப்படைப்பு ஒன்று பிறந்தது. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ அது. கபேர் வாசுகி பேச்சுத் தமிழில் எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக இசையமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் ஆர். பிரசாத் படமாக்கினார். பின்னணியில் நித்யானந்த் ஜெயராமன் போன்ற சூழலியலாளர்களும் எண்ணூர் மீனவர்களும் ஆற்றைக் காக்க நடத்திவந்த இயக்கம் இருந்தது. ஆனந்தபைரவியும் பேகடாவும் சிந்துபைரவியும் சபா மேடையை விட்டு இறங்கிவந்து, கொசஸ்தலை ஆற்றங்கரையில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் முன்னே நின்றன. திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரியைத் தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகளால் பாடிய நிலப்பகுதியை ஒட்டிய இடம்தான் அது.

கவிஞர்களாகிய நமக்கு இதில் முதன்மையானது அந்த ஒரு சொல். ஊருக்குப் பொதுவான நிலமே புறம்போக்கு. தனியார் பட்டாவுக்கும் தீர்வைக்கும் புறம்பாக விடப்பட்ட ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, சுடுகாடு, கழிமுகம் எல்லாம் அதில் அடங்கும். எவருக்கும் உரியதன்று என்றால் எல்லாருக்கும் உரியது என்பதே பழைய பொருள். அச்சொல் எப்படியோ வசவாயிற்று. என் தந்தையார் கோபம் வந்தால் என்னை அழைத்த பெயரும் அதுவே. மனிதரை இழிவுபடுத்தும் சொல்லாக அது மாறியபின், அந்நிலத்தில் சாம்பலைக் கொட்டுவது யாருக்கும் உறுத்தவில்லை. சொல் கெட்டதும் நிலம் கெட்டதும் ஒரே கதையின் இரு பாதிகள். அந்த வசவை எடுத்துப் பண்ணில் ஏற்றி, பழைய மரியாதையை அதற்கு மீட்டுத் தந்ததே பாடலின் சாதனை. அகராதி செய்ய வேண்டிய வேலையை ஒரு கவிஞரும், இசைவாணர் இருவரும், ஓர் ஒளிப்பட இயக்குநரும், ஓர் இயக்கமும் சேர்ந்து செய்தனர். எவரேனும் ஒருவர் தனித்திருந்தால் இது நிகழ்ந்திராது.

உலகின் வேறு மூலைகளிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ், நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹைன்ரிஷ் பொல்லுடன் சேர்ந்து, துறை எல்லைகள் அற்ற ஒரு சுதந்திரப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1977-இல் காசெல் நகரக் கலைக் கண்காட்சியில் அந்தப் பல்கலைக்கழகம் நூறு நாட்கள் மக்களோடு உரையாடியது. அந்நாட்களில் குழாய்கள் வழியே தேன் கட்டடம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. விவாதமும் தேனோட்டமும் ஒரே கலைப்படைப்பு என்றார் பாய்ஸ். 1982-இல் அதே நகரில் 7000 கருங்கல் தூண்களைக் குவித்து வைத்தார். ஓர் ஓக் மரம் நடப்படும்போதெல்லாம் குவியலிலிருந்து ஒரு கல் பெயர்ந்து அம்மரத்தின் அருகே நின்றது. 1986-இல் அவர் மறைந்தார். கடைசி மரம் 1987-இல் நடப்பட்டது. ஆக்கியவர் போன பின்னும் ஆக்கம் நடந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பாட்டால் என்ன விளைந்தது? அது வெளிவந்த அதே மாதம் 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் நம் கரையெங்கும் படிந்தது. மீனவரும் மாணவரும் தொழிலாளரும் வாளிகளில் அள்ளியதை நீங்கள் அறிவீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் மறுபடியும் அந்த ஆற்றை மூடியது. பாட்டு எண்ணெயைத் தடுக்கவில்லை. அப்படித் தடுக்கும் என்று சொல்வது கலையின் பெயரால் செய்யும் மோசடி. ஆனால் ‘யாருக்கும் பயனில்லாத இடம்’ என்று அந்த ஆற்றைக் கூசாமல் சொல்வது இனிக் கடினம். அவ்வளவுதான் பாட்டு செய்தது, அது சிறிதன்று.

எனக்கு இருக்கும் குறை வேறு. பாட்டைக் கேட்டவர்கள் பாடகரின் பெயரை அறிவார்கள். படத்தில் தெரியும் ஆற்றில் வலை வீசுபவர்களின் பெயரை அறியமாட்டார்கள். கூட்டுக்கலை என்கிறோம், கூட்டத்தில் கடைசியாகச் சேர்க்கப்படுபவர் எப்போதும் அந்நிலத்துக்கு உரியவராகவே இருக்கிறார். என் கவிதையின் குறையும் இதுவே.

வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்று வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் முறை. பாடு என்றால் இசை. தமிழ் இவை மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது.

பத்தாண்டுகளாக நாம் முடிந்த கவிதைகளை ஒருவருக்கொருவர் வாசித்து, ஒருவரை ஒருவர் பாராட்டி வந்திருக்கிறோம். பதினோராம் ஆண்டில் ஒரு பாடு முறையைத் தொடங்குவோம் என்பது என் வேண்டுகோள். மாதம் ஒருவர், முடிக்காத கவிதையோடு வரட்டும். அது யாரைப் பற்றியதோ அவர் முன்னிலையில் வாசிக்கட்டும்: காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் முன், துறைமுகத்தில் சுமை ஏற்றுபவரின் முன், எண்ணூரில் இறால் பிடிப்பவரின் முன். அவர்கள் திருத்துவதைத் திருத்தமாக ஏற்போம். மறுப்பதையும் கவிதையின் பகுதியாக எழுதுவோம்.

முதல் முறை என்னுடையதாக இருக்கட்டும். அந்தப் பழைய கவிதையை மீண்டும் எடுத்துவைத்திருக்கிறேன். அலை என்னும் சொல்லை அடித்துவிட்டேன். அந்த முதியவர் இன்று இல்லை. அவர் மகன் ஆற்றுக்குப் போய்வருகிறார். அவர் கேட்டபின் எஞ்சுவதை உங்களுக்கு வாசிக்கிறேன்.