உதவும் கைகள் ஒன்று சேரட்டும்

(மஹல்லா குடும்ப நலக் குழுக்களின் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





நம் மஹல்லாக்களில் உதவும் மனத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிவாசலில் பைத்துல்மால் இருக்கிறது. ரமழானில் ஜகாத் வீடு தேடிப் போகிறது. பெண்கள் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் உடையும் வாங்கித் தருகிறார்கள். ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிவதில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் மௌத்தாகிவிடுகிறார். மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறார். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். மூன்று இடத்திலிருந்து அரிசி மூட்டை வருகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய மட்டும் யாரும் போகவில்லை. சான்றிதழ் இல்லாததால் விதவை ஓய்வூதிய விண்ணப்பம் நிற்கிறது. 13 வயது மகன் கறிக்கடை வேலைக்குப் போகிறான். 16 வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த வீட்டுக்கு அரிசி வந்தது. தொடர்ந்து கவனிக்க ஓர் ஆள் வரவில்லை.

எனவே நாம் கேட்பது இதுதான்: ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர். விதவையின் வீட்டுக்கு ஒரு சகோதரியே பொறுப்பாளராக இருக்கட்டும். இமாம், ஜமாஅத் செயலாளர், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், இந்தப் பொறுப்பாளர்கள் எல்லாரும் மாதம் ஒரு முறை கூடி உட்காரட்டும். சான்றிதழ் வந்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வாடகை பாக்கியா, மருந்து வாங்கினார்களா என்று பார்த்து, எதை யார் எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று எழுதி வைக்கட்டும்.

வறுமைக்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பத் தேவையில்லை. மிஷன் வத்சல்யா திட்டத்தில், தாய் விதவையாக உள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தாயோடு அந்த அலுவலகத்துக்குப் போய்வருவதும் பொறுப்பாளரின் வேலைதான்.

நிக்காஹ் தப்தரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்ததற்கான சான்றைப் பார்த்த பிறகே தேதி கொடுங்கள்.

இனிச் சொல்வது கசப்பானது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது என்று தெரிந்தால், அதை ஜமாஅத்தில் பேசி முடிக்க நமக்கு உரிமை இல்லை. உறவினரானாலும், ஓதிக்கொடுப்பவரானாலும், ஊர்ப் பெரியவரானாலும் இதுவே நிலை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. குடும்ப மானம் என்று சொல்லி மூடினால், குற்றவாளி அடுத்த பிள்ளையிடம் போவான். பிள்ளை சொல்வதை நம்பிக் கேளுங்கள். பத்துப் பேர் கூடி விசாரிக்காதீர்கள். எந்த ஆபத்தானாலும் 1098க்கு அழையுங்கள். இரவும் பகலும் இயங்கும் இலவச எண் அது.

குழுவில் பேசியது குழுவோடு இருக்கட்டும். உதவி வாங்குபவரின் படத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். எத்தீமின் கண்ணியமும் நம்மிடம் உள்ள அமானிதம்தான்.

அடுத்த ஜும்ஆவுக்குள் ஒவ்வொரு மஹல்லாவும் தம் பொறுப்பாளர்களின் பெயரை நம் அலுவலகத்துக்குத் தாருங்கள். இந்தப் பணியை அல்லாஹ் நமக்கு இலேசாக்கி, ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.