அஞ்சத் தக்கது எது?

(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் கோவிலுக்கு வரும் பெற்றோரைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். கூட்ட நெரிசலில் பிள்ளையின் கையை அவர்கள் ஒரு கணமும் விடுவதில்லை. கண்ணேறு படாதிருக்கக் குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு இட்டிருப்பர். வழிபாடு முடிந்ததும் அதே பிள்ளையைத் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் ஏற்றி, "வீடு அருகில்தானே" என்று புறப்படுவோரும் அவர்களுள் உண்டு. அன்பில் குறையில்லை. அச்சம் எதன்மேல் செல்ல வேண்டும் என்பதிலேதான் பிழை நேர்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, பிள்ளைகளைப் பெற்ற இல்லங்களில் பெரிதாகப் பேசப்படும் அச்சம் கடத்தல். எங்கோ ஒரு குழந்தை காணாமற்போன செய்தி வாட்ஸ்அப் வழியாக வந்ததும், பிள்ளைகள் கடைக்குச் செல்வதும் திடலில் விளையாடுவதும் நின்றுவிடுகின்றன. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அரிதாக நிகழ்வது மனத்தை நிறைத்துவிட, அன்றாடம் நிகழ்வது கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது.

இதற்குக் காரணம் என்ன? டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் 1973ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நிகழ்வதாக மனிதமனம் எண்ணிக்கொள்கிறது என்பது அவர்தம் முடிபு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் பலர் விமானத்திற்கு அஞ்சிச் சாலைவழிப் பயணத்தை நாடினர். அதனால் அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் மாண்டனர் என ஜெர்மானிய அறிஞர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். அச்சம் அவர்களைக் காக்கவில்லை. பேரிடரை நோக்கியே செலுத்தியது.

நம் நாட்டு நிலையைக் காண்போம். 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்குப் பதினாறு பேருக்கும் மேல்! சாலையில் மடிவோருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும், மரணத்தை 42 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மோட்டார் சைக்கிளன்றி வேறு வாகனம் வாங்க இயலாத குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள்மேல் பழி சுமத்துவது அறமன்று. ஆனால் தந்தையின் தலையில் கவசம் இருக்க, பிள்ளையின் தலை வெறுமையாய் இருப்பது வறுமையால் மட்டும் நேர்வதன்று, பழக்கத்தாலும் நேர்வதே.

புதிய கார் வாங்கியவுடன் கோவிலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்கிறோம். நல்ல மரபு. ஆனால் அதே காரில் குழந்தை தாயின் மடியில் அமர்ந்து செல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். எந்தத் தாயின் கரமும் அவ்வேகத்தைத் தாங்காது. ஆகவேதான் பின்னிருக்கை வார் 2009ஆம் ஆண்டிலும், குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை 2020ஆம் ஆண்டிலும் கட்டாயமாக்கப்பட்டன.

டிங்கிக் காய்ச்சலும் அத்தகையதே. 2019இல் நாடெங்கும் 1,30,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 182 பேர் இறந்தனர். நோயுற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் சிலாங்கூரைச் சேர்ந்தவர். அந்த ஏடிஸ் கொசு வேற்றூரிலிருந்து வருவதன்று. நம் வீட்டுப் பூச்சாடித் தட்டிலும், மூடாத வாளியிலும், தேங்கிய நீரில் பிறப்பது.

எனவே பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினாக்கள் மூன்று. முதலாவது, இத்தீங்கு எத்துணை முறை நிகழ்கிறது? இரண்டாவது, நிகழ்ந்தால் மீள முடியுமா? மூன்றாவது, இதனைத் தடுக்க இன்றே நம் கையால் செய்யக்கூடியது யாது? முழங்கால் சிராய்ப்பு அடிக்கடி நிகழும், ஆறிவிடும். அதற்கு அஞ்சிப் பிள்ளையைத் தொலைக்காட்சியின் முன் அடைத்துவைத்தல் வேண்டா. சாலை விபத்தோ அடிக்கடி நிகழ்வது, மீள முடியாதது, பெருமளவு தடுக்கக்கூடியது. ஆகவே அச்சத்தின் முதலிடம் அதற்கே உரியது.

அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சுதலைப் பற்றித் திருவள்ளுவர் 'அறிவுடைமை' என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறியிருப்பது எண்ணத் தக்கது. தக்கதற்கு அஞ்சுவது கோழைமையன்று. அறிவின் ஒரு கூறேயாகும்.

இறைவனிடம் பிள்ளைகளின் நலத்தை வேண்டுகிறோம். வேண்டியபின் நம் கடமையும் தொடர்தல் வேண்டும். காலையில் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இடும் கை, அவன் தலைக்கவசத்தின் வாரையும் பூட்டிவிடட்டும். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் இல்லங்களில் மழலைச் செல்வங்கள் நீடு வாழ்க!