எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவோம்



ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவு வந்ததும், நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஒரு பிள்ளையின் திறமையை நாம் கண்டுகொள்ளும்போது, அந்தப் பிள்ளைக்கு இருந்த சில வாய்ப்புகள் கைநழுவிப் போயிருக்கும். அவற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தனியார் பள்ளியில் படிப்பவர்களுக்கு இதில் இடமில்லை. நகையை அடகு வைத்துப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அதே வகுப்பில்தான் இஸ்ரோவின் ‘யுவிகா’ முகாமும் வருகிறது. 2019-இல் தொடங்கிய இந்த முகாம், கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்கும். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ பொறுப்பு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் இயக்கம் போன்றவற்றில் கலந்துகொண்டதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி முன்னுரிமை உண்டு. “பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?” என்று தாய்மார்கள் கேட்பீர்கள். அத்தாவோ அண்ணனோ கூடப் போய் விட்டுவிட்டு வரலாம். அந்த ஒரு கேள்விக்காக விண்ணப்பமே போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டியவை.

பணம் தராத, ஆனால் அறிவை வளர்க்கிற போட்டி ஒன்றும் உண்டு. அது கணித ஒலிம்பியாட். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதலாம். முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். தேர்வு. பிறகு மண்டல அளவு, தேசிய அளவு என்று போகும். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதற்குப் பொறுப்பு. உலகப் போட்டிக்கு 1989 முதல் நம் நாட்டு அணி போய்வருகிறது. ‘ஒலிம்பியாட்’ என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு பதக்கம் கொடுக்கும் தனியார் தேர்வுகளும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அதில் எப்படிப்பட்ட கணக்குகள் வரும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறோம். இந்த மன்றத்தில் பலர் கைகொடுத்து ஸலாம் சொன்னீர்கள். யார் யாருக்குக் கைகொடுத்திருந்தாலும் சரி, எத்தனை பேருக்குக் கைகொடுத்தார்கள் என்று எண்ணினால், குறைந்தது இருவருக்கு ஒரே எண்ணிக்கை வந்தே தீரும். ஏன்? இதற்குச் சூத்திரம் வேண்டாம், டியூஷன் வேண்டாம். பிள்ளைகளே, வீட்டுக்குப் போய் யோசியுங்கள். இரண்டு நாள் ஆனாலும் விடாமல் யோசிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தத் தேர்வு.

கடைசியாகச் சான்றிதழ்கள். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று என்று இருந்தால், தேர்வில் வென்ற பிள்ளைக்கும் பணம் வந்து சேராது. ஏழாம் வகுப்பிலேயே மூன்றையும் ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

பட்டம் படித்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு நான்கு பிள்ளைகளைப் பொறுப்பெடுங்கள். தேதியைச் சொல்லி, விண்ணப்பம் நிரப்பி, பழைய வினாத்தாளை உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும். இடமும் வினாத்தாள்களும் நம் அறக்கட்டளை தரும், இன்ஷா அல்லாஹ்.