புல்லின் நாட்காட்டியும் நிதியாண்டின் நாட்காட்டியும்

(தில்லியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, கோப்புகளோடு காலம் கழித்த ஒருவன் புல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பொதுச் சொத்து எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு அழிகிறது என்பதை ஒரு பள்ளியின் கால்பந்து மைதானம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

கால்பந்தாட்டத்தில் தில்லிக்கு ஒரு வரலாறு உண்டு. 1888இல் தொடங்கிய ட்யூராண்ட் கோப்பைப் போட்டி 1940இல் இந்நகருக்கு வந்தது. அவ்வாண்டுதான், இன்று தேசிய விளையாட்டரங்கம் என வழங்கும் திடலில், முகமதன் ஸ்போர்ட்டிங் அணி அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழுவாயிற்று. பள்ளி மாணவர்களுக்கான சுப்ரதோ கோப்பை 1960இல் இங்கேயே பிறந்தது. பின்னாளில் மாணவியருக்கும் அதில் இடம் கிடைத்தது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய இளைஞர்கள் தங்கள் மூன்று ஆட்டங்களையும் நேரு விளையாட்டரங்கில் ஆடினர். அந்த அரங்கின் பசுமையைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுவர்களில் எத்தனை பேருக்கு அத்தகைய தரையில் கால் வைக்கும் வாய்ப்பு உண்டு? நம் பிள்ளைகளுள் பலர் கற்கள் நிறைந்த கட்டாந்தரையில் விழுந்து முழங்கால் தேய்கின்றனர். அல்லது பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்று உள்ளே உள்ள பசுமையைப் பார்க்கின்றனர். இரண்டுமே பராமரிப்பின் தோல்விதான்.

புல்லின் இயல்பு

வட இந்தியர் 'தூப்' என்றழைக்கும் புல் நமக்குப் புதியதன்று; நமது அருகம்புல்லே அது. மணமக்களை 'அருகுபோல் வேரூன்றுக' என வாழ்த்துகிறோம். அவ்வாழ்த்தின் காரணமே மைதானத்திற்கும் அது ஏற்றதாவதற்குக் காரணம். தரைமேல் ஓடும் தண்டுகளாலும் நிலத்தடித் தண்டுகளாலும் அது பரவுகிறது. மிதிபட்டு இலை சிதைந்தாலும் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

ஆயினும் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது வெப்பம். தில்லியின் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அருகு வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. அக்காலத்தில் தேயும் இடம் வசந்தம் வரை ஆறுவதில்லை. இரண்டாவது காற்று. ஓயாது மிதிபடும் மண் இறுகும்போது நீரும் காற்றும் உட்செல்லும் நுண்துளைகள் அடைபடுகின்றன. வேர் மேலோடு நின்றுவிடுகிறது. மழை பெய்த ஈரம் காயுமுன் ஆடினால் இறுக்கம் மிகும். கோல் கம்பங்களுக்கு முன்னுள்ள இடம் முதலில் வழுக்கையாவது இதனால்தான்.

மருந்து எளியது. முட்கவையால் நான்கு அங்குல ஆழத்திற்குத் துளையிட்டு, சலித்த மணலையும் மக்கிய எருவையும் பரப்ப வேண்டும். வழுக்கை இடங்களில் அருகந்தண்டுகளைச் சாண் இடைவெளிக்கும் குறைவாக நட வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. கோல் கம்பங்களை இடம் மாற்றி வைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓய்வு கொடுக்க வேண்டும்.

இரண்டு நாட்காட்டிகள்

இவ்வளவு எளிய மருந்து ஏன் கிட்டுவதில்லை? நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மார்ச்சுக்குள் செலவிட்டாக வேண்டிய தொகையைக் கொண்டு அங்கு ஜனவரியில் புல் பாளங்களைப் பதித்தனர். விழா நடந்தது. உறங்கும் புல் வேர் பிடிக்கவில்லை. ஏப்ரல் வெயிலில் பாதி கருகியது. மீதியைக் காப்பதற்காகப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. செலவுச் சான்றிதழில் குறையேதும் இல்லை, மைதானந்தான் இல்லை.

அடுத்த ஆண்டு அப்பள்ளியின் மாலி, அதாவது தோட்டக்காரர், தம் வழியில் முயன்றார். கோடை விடுமுறையில் துளையிட்டு மணல் பரப்பினார். ஜூலை மழையில் ஒரு பாதியை மட்டும் கயிறு கட்டி மூடித் தண்டுகளை நட்டார். மறுபாதியில் பிள்ளைகள் ஆடினர். செப்டம்பர் முடிவில் கயிற்றை அவிழ்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது பெருந்தொகையன்று. உரிய மாதத்தில் ஒரு சிறு தொகை.

நிதியாண்டின் நாட்காட்டி மார்ச்சில் விரைகிறது. அருகின் நாட்காட்டியோ ஜூலையில் விரைகிறது. தில்லியில் ஆண்டு மழையின் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. பள்ளிகளின் கோடை விடுமுறை அதற்குச் சற்று முன் வருகிறது. இயற்கையும் கல்வித் துறையும் சேர்ந்து அளித்துள்ள இந்த ஓய்வுக் காலத்தை நாம் வீணாக்குகிறோம்.

மூலதனமும் பராமரிப்பும்

நெடுங்காலம் நாம் செலவினங்களைத் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு எனப் பிரித்து வந்தோம். புதியதை நிறுவுவதற்குப் பெருமை. இருப்பதைக் காப்பதற்குச் சிக்கனம். இப்பாகுபாடு 2017-18 நிதிநிலை அறிக்கையுடன் நீங்கியது. அது வளர்த்த மனப்பாங்கு இன்னும் நீங்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. திடல் இருப்பதைப் பதிவேடு சொல்லும். அதில் விளையாட முடிகிறதா என்பதை யார் சொல்வது?

நீரின் கணக்கையும் மறைக்கலாகாது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழு மைதானத்திற்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச 35,700 லிட்டர் தேவை. குடிநீருக்கு மக்கள் வரிசையில் நிற்கும் நகரில் இதைக் குழாய் நீரிலிருந்து எடுப்பது நியாயமன்று. சுத்திகரித்த கழிவுநீரும் சேமித்த மழைநீருமே வழி. செயற்கைத் தரையே தீர்வு என்பாரும் உளர். நாள் முழுதும் ஆட்டம் நடக்கும் இடங்களில் அது பொருந்தலாம். ஆனால் தில்லி வெயிலில் அது புல்லைவிட மிகக் கடுமையாகச் சூடேறும். தேய்ந்தபின் முழுதும் மாற்றியாக வேண்டும். தானே ஆறும் தன்மை புல்லுக்கே உரியது.

ஆகவே என் யோசனைகள் நான்கு. மைதானம் அமைக்கும் மதிப்பீட்டிலேயே தோட்டக்காரரின் ஊதியத்தையும் பராமரிப்புத் தொகையையும் சேர்க்க வேண்டும். அத்தொகை ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள காலாண்டிலேயே பள்ளியைச் சேர வேண்டும். ஆடுவதற்கும் ஓய்வுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அதை மாணவர்களே எழுதலாம். திருமணப் பந்தலுக்கும் வண்டி நிறுத்தத்திற்கும் திடலை விடலாகாது. பந்தலின் குழியையும் வண்டியின் தடத்தையும் பல வார ஆட்டம்கூட ஏற்படுத்தாது.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் இத்தகைய கோப்புகளில் கையொப்பமிடுவீர்கள். புல் காய்ந்தது என்ற குறிப்பு வந்தால், 'பிள்ளைகளை வெளியேற்றுக' என எழுதிவிடாதீர்கள். தொகை எந்த மாதம் சென்றது என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் மிதிப்பதற்காகவே வளர்க்கும் புல் அது.