சோளத்துக்கும் சுண்ணாம்பு போடுவோம்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2022இல் கோதுமை மா விலை ஏறினபோது நம்ம லயங்களில் ரொட்டி குறைந்ததை மறக்கமாட்டோம். மொனராகலை, மகியங்கனைப் பக்கம் விளையும் சோளத்தை நாம் அவித்துத் தின்பதோடு விட்டுவிடுகிறோம். காய்ந்த சோளத்திலும் ரொட்டி சுடலாம்.

மெக்சிகோவின் ஆதிக்குடிகள் பன்னெடுங்காலமாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைக்கிறார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளமே சாப்பாடான ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிற்றோட்டம் கண்டு, புத்தியும் தடுமாறும் பெலக்ரா நோய் வந்தது. சோளத்திலுள்ள நயசின் சத்து உடம்பில் சேராததே காரணம். சுண்ணாம்பு அதைச் சேரவைக்கிறது, கல்சியமும் கூடுகிறது.

செய்முறை லேசானதுதான். ஒரு கிலோ சோளத்துக்கு 3 லீற்றர் தண்ணீர். அதில் ஒரு மேசைக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து முக்கால் மணிநேரம் வேகவிடுங்கள். இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் தோல் கழரும்வரை பலமுறை தேய்த்துக் கழுவி, ஆட்டுக்கல்லில் அரைத்து, தட்டிச் சுடுங்கள்.

கவனம்! அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சுண்ணாம்பு அதை அரிக்கும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும், மருந்து தடவிய விதைச்சோளமும் கூடவே கூடாது. பூஞ்சணம் பிடித்த சோளத்தை வீசிவிடுங்கள். சுண்ணாம்பு பிள்ளைகளின் கண்ணில் படவிடாதீர்கள்.

ரொட்டியோடு பருப்பும் கீரையும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு அது முழுச்சாப்பாடு. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சுண்டு சோளத்தில் செய்துபார்ப்போம்.